பேர் வெட்டாத குடம்

எங்கள் வீட்டுக்குப் புதுக் குடம் வந்தால் அதில் முதலில் தண்ணீர் மொள்ள மாட்டார்கள். பேர் வெட்டுவார்கள். அம்மாவின் பித்தளைக் குடத்தில், கழுத்துக்குக் கீழே, புள்ளி புள்ளியாக உளி பதிந்த எழுத்துகள் இன்னும் கிடக்கின்றன: க. செ. மா. அப்பா, அம்மா, ஊர் மாந்தை. கலியாண வீடு, செத்த வீடு, கோயில் மடம் என்று குடம் இரவல் போகும் ஊர் எங்களது. பத்து வீட்டுப் பாத்திரமும் ஒரே கிணற்றடியில் கழுவப்படும். "குடுக்க முதல் வெட்டிப்போட வேணும். குடுத்தாப் பிறகு வெட்டினா எங்களைத்தான் கள்ளர் எண்டுவாங்கள்" என்பது அம்மாவின் சட்டம்.

இந்தச் சட்டத்துக்குள் பிறந்து வளர்ந்த நான், ஐம்பத்திரண்டு வயதில், ஒரு முழுத் திட்டத்தையே பேர் வெட்டாமல் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் எழுதப் போகிறேன். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. ஒப்பந்தக் கோவையில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருப்பது என் சுருக்கொப்பம்.

சில வருடங்களுக்கு முன், மன்னாரில் திருக்கேதீஸ்வரம் சிவன் கோயிலுக்கு வரும் அடியார்களுக்காக ஒரு கைபேசிச் செயலி செய்வதென்று முடிவாயிற்று. ஒரு பக்கம் ஓர் அரச அலுவலகம், மறு பக்கம் ஒரு தனியார் கம்பனி. இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம். சிவராத்திரிக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு, பாலாவித் தீர்த்தத்தில் எந்தப் பக்கத்தால் இறங்குவது, எந்த மடத்தில் சோறு, கழிப்பறை எங்கே, தவறிப்போன பிள்ளையை எங்கே போய்க் கேட்பது எல்லாம் போனில் வரும். அலுவலக வாசலில் ஒரு தொடுதிரைப் பெட்டியும் நிற்கும். படம், வரைபடம், பஸ் நேரம், தலவரலாறு, அறை இவை அலுவலகத்தின் பங்கு. கம்பனி செயலியைச் செய்து மூன்று வருடம் நடத்தி, விளம்பரத்தில் உழைத்துக்கொள்ளும். அரச தனியார் பங்குடைமை என்று இதைச் சொல்வார்கள். தமிழும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டுமென்று என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். வாசிக்கத் தெரியும் என்பதுதான் என் ஒரே தகைமை. அதைத்தான் நான் பொய்யாக்கினேன்.

ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போன கூட்டம் அது. பதினான்காம் பிரிவின் தலைப்பு 'புலமைச் சொத்து'. தமிழ்நாட்டார் அறிவுசார் சொத்துரிமை என்பதற்கு எங்கள் நாட்டுச் சட்டத்தில் அதுதான் பெயர். முன்வரிசையில் இருந்த லிகிதர் பிள்ளை கை தூக்கினாள்.

"சேர், இது அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் மாதிரி ஏதுமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கும் அவளுக்குத் தெரிந்ததற்கு மேல் தெரியாது என்பதை மறைக்க. "இல்லைப் பிள்ளை, இது பேட்டன்ட் மாதிரி. ரொக்கெட் செய்யிற ஆக்களுக்கு. எங்களுக்கு இதில ஒண்டும் இல்லை." அந்த நேரம் பார்த்துப் பிளேன்ரீயும் கடலை வடையும் வந்தன. வடை சூடாக இருந்தது. வடை முடிய நாங்கள் பதினைந்தாம் பிரிவில் நின்றோம். அது மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்பது பற்றியது. அதற்கு ஒன்றரை மணி நேரம் சண்டை பிடித்து வென்றோம். பாதிப் பாதி.

வாசிக்காத சனமா நாங்கள்? காணி உறுதி ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள். வடக்கு எல்லை யார் வளவு, கிணற்றில் பங்கு உண்டா, வழிவாய்க்கால் யாருடையது என்று நொத்தாரிசையே வியர்க்க வைப்போம். வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கு இருபது வருடம் கோடேறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் பெரியப்பாவின் குடும்பம். தொட்டுப் பார்க்கக்கூடிய சொத்தென்றால் எங்களுக்குக் கண் நாலு. தொட முடியாததென்றால் வடை.

வேலை தொடங்கியது. தலவரலாற்றை நானே எழுதினேன். 1872இல் ஆறுமுக நாவலர் இந்தக் கோயிலை மீட்க வேண்டும் என்று எழுதியது, 1894இல் காடு மூடிய இடத்திலிருந்து பழைய லிங்கம் வெளிப்பட்டது, 1948இல் திருப்பணிச் சபை எழுந்தது, மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உளியோடு நடந்த திருப்பணி முடிந்து 2022 ஜூலை 6இல் கும்பாபிஷேகம் ஆனது எல்லாவற்றையும் நாலு பக்கத்துக்குள் அடக்கினேன். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கல் மன்னார்க் கோட்டைக்குப் போனது என்ற ஊர்ப் பேச்சுக்கு ஒரு தனிப் பந்தி. அந்தப் பந்தியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. மடத்துத் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பழைய கதைகளைப் போனில் பதிந்துகொண்டேன். விடியற்காலையில் பாலாவியைப் படம் எடுக்க ஊர்த் தம்பி ஒருவனைப் பிடித்தேன். அவனுக்கு அலுவலகக் காசு கொடுத்தேன். ரசீதும் வாங்கினேன். அதோடு படம் எங்களுடையது என்று நினைத்தேன்.

அடுத்த தைமாதம் கடைக்குக் கடை தொங்கிய ஒரு கலண்டரில் அதே படம். அதே விடியல், அதே தண்ணீர், தண்ணீருக்குள் அதே கோபுரம். கோபத்தில் அந்தத் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, காசு தந்தீங்கள். ஓம். உரிமையை எழுதி வாங்கினனீங்களோ?"

வாங்கவில்லை. அன்று இரவுதான் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை முதன்முறையாகத் திறந்தேன். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தன் வேலையின் பாகமாகப் படைப்பது, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முதலாளிக்குச் சேரும். வெளியாளிடம் சொல்லிச் செய்விப்பது அப்படித் தானாகக் கைமாறாது. மாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். நான் வாங்கியது படத்தின் ஒரு பிரதி. படம் அந்தத் தம்பியுடையது. அவன் சாகும்வரைக்கும், செத்து எழுபது வருடத்துக்கும். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணை" என்று ஒரு கலண்டரும் கொண்டுவந்து தந்தான். அது என் மேசைக்கு மேலே ஒரு வருடம் தொங்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த அடியிலாவது பதினான்காம் பிரிவைத் திரும்பப் புரட்டியிருக்க வேண்டும். புரட்டவில்லை. நல்லாய்ப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கூட்டுக்குள் போய் "இது ஆருக்குச் சொந்தம்?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. கம்பனிப் பெடியள் நல்ல பெடியள். வரும்போதெல்லாம் கொழும்பிலிருந்து கேக் கொண்டுவருவார்கள்.

மூன்று வருடம் முடிந்தது. விளம்பரம் எதிர்பார்த்தபடி வரவில்லை, புதுப்பிக்கவில்லை என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. செயலி நின்றது. தொடுதிரைப் பெட்டி மட்டும் வாசலில் நின்றது. சில நாளில் அதன் தலையில் வரவுப் புத்தகத்தை வைக்கத் தொடங்கினார்கள். சரி, பஸ் நேரம், வரைபடம், எழுத்து எல்லாவற்றையும் எடுத்து வேறு யாரிடமாவது கொடுத்து நடத்துவோம் என்று கம்பனிக்கு எழுதினேன். பதில் இன்னும் மரியாதையாக வந்தது: "தயவுசெய்து 14ஆம் பிரிவைப் பார்க்கவும்."

பார்த்தேன். மின்வெட்டு நேரம், ரோர்ச் வெளிச்சத்தில். திட்ட காலத்தில் உருவாகும் யாவும் கம்பனிக்கு. அலுவலகம் கொடுத்த யாவற்றையும் கம்பனி காலவரையின்றிப் பயன்படுத்தலாம். அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. அலுவலகம் செயலியைப் பயன்படுத்துவது ஒப்பந்த காலத்துக்கு மட்டும். கடைசி வரி எனக்கென்றே எழுதியது: ஒருங்கிணைப்பாளர் எழுதித் தருபவையும் இதில் அடங்கும். நான் அலுவலகத்து ஊழியர் அல்ல, வெளியாள். சும்மா இருந்திருந்தால் அந்த நாலு பக்கமும், கலண்டர்த் தம்பியின் படத்தைப் போலவே, என்னுடையதாக இருந்திருக்கும். ரொக்கெட் செய்கிறவர்களுக்கு என்று நான் தள்ளிவிட்ட பிரிவில் என் பெயரைத் தேடி வந்து எழுதியிருந்தார்கள். நானும் தேடிப் போய்ச் சுருக்கொப்பம் வைத்திருந்தேன்.

சிவராத்திரித் துண்டுப்பிரசுரத்துக்குத் தலவரலாறு தேவைப்பட்டது. சட்டத்தில் ஒரு சந்து கண்டேன்: வெறும் தகவலுக்கு உரிமை கிடையாது. 1894 யாருடைய தனிச்சொத்தும் இல்லை. அதைச் சொன்ன வசனத்துக்குத்தான் உரிமை. ஆகவே என் வசனங்களை நானே உடைத்து, என் சாயல் தெரியாதபடி எழுதினேன். தன் எழுத்தைத் தானே களவெடுத்து, பிடிபடாமல் இருக்க வேலை செய்வது எப்படியிருக்கும் என்று அனுபவிக்காதவர்களுக்குச் சொல்ல முடியாது. கோட்டைக்குப் போன கல் பற்றிய அந்தப் பந்தி மட்டும் எத்தனை முறை எழுதியும் சரிவரவில்லை. விட்டுவிட்டேன். கல்லைக் கொண்டுபோனவன் கல்லைத்தான் கொண்டுபோனான். நான் கல் போன கதையையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இது பாவசங்கீர்த்தனம் ஆகாது. செயலியின் இணைய முகவரி ஒன்று மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. எங்கள் பக்கம் என்றால் என் சொந்த மின்னஞ்சலில். தொடக்கத்தில் அவசரத்துக்கு என் பெயரில் பதிந்தது, பிறகு மாற்றுவோம் என்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் லொத்தர்ச் சீட்டு விழுந்ததாக வரும் கடிதங்களோடு குப்பைப் பெட்டியில் கிடந்தன. முகவரி காலாவதியாகி யார் கைக்கோ போனது. பாலாவிக் கரையில் நாங்கள் கட்டிய பதாகையில் அந்த முகவரி மட்டும் வெயிலில் வெளிறாமல் பளிச்சென்று இருந்தது. பெரியவர் ஒருவர் தன் பேரனின் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்லைன் சூதாட்ட விளம்பரம், சீட்டுக்கட்டும் சுழலும் சக்கரமும்.

"தம்பி, பார்வதியோட சொக்கட்டான் ஆடினவர் எண்டு தெரியும். இப்ப இதிலயும் ஆடுறாரோ?"

பதாகையை நானே ஏறி அவிழ்த்தேன். ஏணியைப் பிடித்தது அந்த லிகிதர் பிள்ளை. ஒன்றும் கேட்கவில்லை. புலமைப்பரிசில் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பிறகு வாசித்தேன், வாழ்நாளில் வாசிக்காததையெல்லாம் சேர்த்து. என்னைத் தேற்றியது பெரிய இடத்தாரின் தடுமாற்றம். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனியின் முப்பது காற்றாடிகள் சுற்றுகின்றன; 2020 டிசம்பரில் திறந்தது, 103.5 மெகாவாட். அதைக் கட்டுவித்தது மின்சார சபை, இயந்திரங்கள் டென்மார்க்கின் வெஸ்டாஸ் செய்தவை. காற்று யாருடையது, கோபுரம் யாருடையது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் எந்தக் காற்றாடியையும் திருப்பியும் நிறுத்தியும் வைப்பது உள்ளே இருக்கும் மென்பொருள். அதன் மேல் யாருக்கு என்ன உரிமை என்பது கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் தெரியாது. கடதாசியில்தான் தெரியும். கடதாசியிலும் தெளிவில்லாவிட்டால்? ஜெர்மனியின் எனர்கோன் நிறுவனமும் ஓர் இந்தியக் குடும்பமும் 1994இல் கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் காற்றாடி செய்தன. இரண்டும் தனியார்தான், ஆனால் பாடம் ஒன்றே. தொழினுட்ப உரிமம் பற்றி 2006இல் ஒரு பத்திரம் எழுதினார்கள். அது முடிந்த ஒப்பந்தமா, பேச்சோடு நின்ற வரைவா என்பதிலேயே முரண்பட்டு, பல வழக்குகள் ஏறி இறங்கி, 2014 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் 'நடுத்தீர்ப்புக்குப் போங்கள்' என்று அனுப்பியது. அத்தனை சட்டத்தரணிகளை வைத்திருந்தவர்களே அப்படியென்றால், வடையை மட்டும் வைத்திருந்த நான் எம்மாத்திரம்.

எங்கள் நாட்டிலேயே 2024இல் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டார் இணையத்தில் விசா எடுக்கும் முறையை அதுவரை மொபிடெல் நடத்தியது. ஏப்ரலில் அது வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டுக்குப் போனது. ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம், பழைய முறைக்கே திரும்புங்கள் என்று இடைக்கால உத்தரவிட்டது. திரும்பவில்லை. செப்டம்பரில் குடிவரவுத் திணைக்களத் தலைவர் விளக்கமறியலுக்குப் போனார். பிறகுதான் பழைய முறை வந்தது. ஒரு முறையை இன்னொருவரிடம் கொடுப்பதென்பது சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவதுபோல் இல்லை. மென்பொருள், அதற்குள் கிடக்கும் மனிதர்களின் தகவல், நடத்தத் தெரிந்த கைகள் எல்லாம் சேர்ந்து போக வேண்டும், சேர்ந்து வர வேண்டும். எங்கள் பஸ் நேர அட்டவணைக்கும் அதே விதிதான். என்ன, எனக்கு விளக்கமறியல் கிடைக்கவில்லை.

என்னை அதிகம் வெட்கப்படுத்தியது கொழும்போ டெல்லியோ இல்லை, பக்கத்திலேயே இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமையாக எழுதிவைத்தார். அதில் தென்னைக்கு ஒரு விதி இருக்கிறது. ஒருவன் காணியில் இன்னொருவன் தென்னை வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறான். கன்றும் அவனே கொண்டுவந்ததென்றால் காயில் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்கு, ஒரு பங்கு காணிக்காரனுக்கு. கன்றைக் காணிக்காரன் கொடுத்திருந்தால் கணக்குத் தலைகீழ். கன்றை இருவரும் பொறுத்தால் பாதிப் பாதி. காணி யாருடையது, உழைப்பு யாருடையது என்பதோடு நிற்காமல், 'கன்று யார் தந்தது?' என்று கேட்டிருக்கிறார்கள்.

முந்நூறு வருடம் கழித்து ஆலோசகர்கள் தடித்த புத்தகங்களில் எழுதும் விஷயத்தின் அடி அதுதான். கூட்டுக்கு வர முன்பே அவரவரிடம் இருந்தது எது, கூட்டில் புதிதாக முளைத்தது எது என்று பிரி, முன்பிருந்தது அவரவருக்கு, முளைத்ததற்குப் பங்கு எழுது, கூட்டுப் பிரிந்த பிறகும் ஊர்ச்சனம் காய் பறிக்க வழி வை. கம்பனிக்காரர் திருடர்கள் இல்லை. செயலியின் அடிப்படை மென்பொருள் அவர்கள் எங்கள் ஊருக்கு வர முன்பே செய்துவைத்தது. அது அவர்களின் கன்று. அதைத் தா என்று கேட்க எனக்கு நியாயமில்லை. பஸ் நேரம், வரைபடம், பெரியவரின் கதை எங்கள் கன்று. அதை நான் கன்றென்றே கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கூட்டில் ஒப்பந்தத்தை முழுவதும் வாசித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இப்போது வேறு கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். அடிபட்டவன் என்ற தகைமையில். போய் ஐந்தாறு கேள்வி கேட்பேன். நீங்கள் முன்பே வைத்திருப்பது எது, பட்டியல் தாருங்கள். நாங்கள் தரும் தகவல் யாருடைய பெயரில் இருக்கும்? முடிந்த அன்று அதை வேறு யாரும் திறக்கக்கூடிய வடிவில் தருவீர்களா? நீங்கள் பாதியில் விட்டுப்போனால் அடுத்தவர் எடுத்து நடத்த அனுமதி உண்டா? துணைக்கு நீங்கள் பிடிக்கும் ஆட்களிடம் உரிமையை எழுதி வாங்கினீர்களா? இன்னொருவரின் படைப்பை நீங்கள் போட்டு வழக்கு வந்தால் யார் கட்டுவது? மென்பொருளின் மூலத்தை நம்பிக்கையான மூன்றாம் ஆளிடம் வைக்கச் சொல்லியும் கேட்பேன். விளங்கப்படுத்த உண்டியலைச் சொல்வேன்: இரண்டு பூட்டு, இரண்டு சாவி, ஒருவர் தனியே திறக்க முடியாது, ஒருவர் ஓடிப்போனாலும் சபை கூடித் திறக்கலாம். கேட்டு முடிக்கையில் முகங்கள் சுருங்கும். கேக் வருவது குறைந்துவிட்டது. ஆனால் நட்பாக இருக்கும் அன்று மட்டும்தான் இவற்றைக் கேட்க முடியும் என்பது எனக்கு இப்போது தெரியும். பிறகு கேட்டால், அம்மா சொன்னதுபோல, கேட்பவன்தான் கள்ளன்.

தேறிவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்திருந்தது. கடந்த சிவராத்திரிக்கு அம்மாவுக்கு நடக்க முடியவில்லை. "நீ போய் என்ரை பேரில ஒரு குடம் வார்த்துவிட்டு வா" என்று அந்தப் பித்தளைக் குடத்தையே தந்தா. பாலாவியில் இறங்கி மொண்டு, வரிசையில் நின்று, மகாலிங்கத்துக்கு என் கையாலேயே வார்த்தேன். கண் கலங்கியது. வெளியே வந்து, செருப்பைத் தேடும் நேரத்துக்குக் குடத்தை மண்டபத் தூணோரம் வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் குடம் இருந்தது. செருப்புக் கிடைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

அம்மா குடத்தை மடியில் வைத்து, கழுத்தடியை விரலால் ஒருதரம் தடவினா. கண் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

"ஆற்றை குடமடா இது?"

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பொ. வ. அ.

"வெட்டித்தானே கிடக்கு," என்றா அம்மா. "வாசிக்கேல்லையோ?"